குடும்பப் பெரியவர்களின் அறிவுரைப்படி

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்,
21 மார்ச் 2024

லோசனிக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் கேதீஸ்வரன், சிவகுருநாதனின் மகன், வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தோர் ஆண்டுகளாக இவ்வூரில் வழக்குரைஞர்.

2. இதைப் பெறுபவர் கேப்டன் மீனலோசனி. என் தங்கை ஜெயமாலாவின் ஒரே மகள். தரைப்படையின் வழங்கல் பிரிவில் அதிகாரி.

3. நான் இதை உன் மாமாவாக எழுதவில்லை. உன் வழக்குரைஞராக எழுதுகிறேன். நேற்று மாலை என் அலுவலகக் கதவை அறைந்து சாத்திவிட்டு நீ போனது மாமாவிடமிருந்து. வழக்குரைஞரிடமிருந்து நீ இன்னும் போகவில்லை என்று கொள்கிறேன்.

4. இந்த விவகாரம் முடியும்வரை தொலைபேசி வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம். நீ அனுப்பும் செய்தி எவர் கைக்குப் போகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடிதமாக எழுது, தமிழில் எழுது, விமலனிடம் கொடுத்தனுப்பு. உன் முகாமுக்கும் என் அலுவலகத்துக்கும் இடையே அரைமணி நேரப் பயணம்தான் என்பதை அறிவேன். நேற்று நாம் பேசிக்கொண்ட விதத்தைப் பார்த்தால், அந்த அரைமணி நேரம் இடையில் இருப்பதே நல்லது.

நடந்தவற்றை நாம் இருவரும் ஒரே விதமாக அறிந்திருக்கிறோமா என்று முதலில் சரிபார்த்துக்கொள்வோம். ஜனவரி 12 அன்று நீயும் விமலனும் திருமணத்தைப் பதிவு செய்தீர்கள். அவசரத்துக்குக் காரணம், தெலுக் பங்லிமா காராங்கில் கட்டப்படும் மலிவு விலை வீடுகள். மணச் சான்றிதழ் உள்ளவர்களுக்கே முன்னுரிமை, விண்ணப்பிக்க ஜனவரி மாத இறுதிவரையே அவகாசம். கோயில் திருமணம் மே 26, கிள்ளானில். நம்மவர் எல்லாரும் செய்வதைத்தான் செய்தீர்கள்: பதிவு முடிந்ததும் ஒன்றாக உணவு உண்டு, நீ முகாம் விடுதிக்கும் அவர் தம் தாயார் வீட்டுக்கும் திரும்பினீர்கள். தாலி ஏறும்வரை உங்களைக் கணவன் மனைவி என்று எவரும் எண்ணவில்லை.

பெப்ரவரி 6 அன்று, மே மாதத் திருமணத்துக்கு அனுமதி கேட்டு உன் படைப்பிரிவுக்கு விண்ணப்பப் பாரம் கொடுத்தாய். படையில் இருப்பவர் மணம் புரிய முன்னனுமதி வேண்டும். அதில் தற்போதைய மணநிலை என்ற கட்டத்தில் 'காவின்', அதாவது மணமானவர், என்று எழுதாமல் 'புஜாங்' என்று எழுதினாய், மணமாகாதவர். அவர்கள் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, நீ ஜனவரியிலிருந்தே மணமானவர் என்று வந்திருக்கிறது. ஆகவே மார்ச் 18 தேதியிட்ட காரணம் கேட்கும் கடிதம். குற்றச்சாட்டுகள் இரண்டு: அனுமதியின்றி மணம் புரிந்தது, அதிகாரபூர்வ பாரத்தில் பொய்த் தகவல் தந்தது. பதில் தர ஏப்ரல் 1 வரை அவகாசம். பதில் திருப்தி தராவிட்டால் உன்னை அதிகாரியாக நியமித்த ஆணையையே அவர்கள் திரும்பப் பெறலாம்.

முதற்குற்றச்சாட்டைச் சமாளிக்கலாம். இரண்டாவதுதான் ஆளை வீழ்த்தும். அதற்கான பதிலை வரைந்து இத்துடன் வைத்துள்ளேன். ஆறாம் பத்தியே அதன் உயிர்: 'குடும்பப் பெரியவர்களின் அறிவுரைப்படியும் இந்து சமூக வழக்கப்படியும், தாலி கட்டப்படும்வரை தாம் மணமாகாதவர் என்றே அவர் நேர்மையாக நம்பினார்.' இதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் மலாயில் தட்டெழுதிக் கையொப்பமிட்டுக் கொடு.

இப்படிக்கு,
கேதீஸ்வரன்

*

முகாம்,
23 மார்ச் 2024

மாமா,

வழக்குரைஞரின் கடிதம் கிடைத்தது. மாமாவின் கடிதம் எப்போது வரும்?

கொண்டுவந்த விமலன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்க மாமா கவர ஒட்டியிருக்கிறத பாரு, கண்டெய்னருக்கு சீல் வெச்ச மாதிரி. போர்ட்ல கஸ்டம்ஸ்காரன்கூட இப்படி ஒட்ட மாட்டான் லா." நான் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை; அதற்கும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 18 காலை நடந்ததை நீங்கள் கேட்கவேயில்லை. கட்டளை அதிகாரி என் பாரத்தையும் பதிவேட்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கேப்டன், நீங்கள் மணமானவரா?" என்றார். "ஆம், சார்" என்றேன். உடனே "இல்லை, சார்" என்றேன். அவர் கத்தவில்லை. "உங்கள் கிடங்கில் அரிசி மூட்டை இருக்கிறதா என்று கேட்டால் இப்படித்தான் இரண்டு பதில் சொல்வீர்களா?" என்றார். ஆறு வருடச் சேவை, மாமா. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கிடங்குக் கணக்கைக்கூட வேறு ஒருவர் சரிபார்க்கிறார்.

நான் யாருடன் வாழ்கிறேன், யாரை மணக்கிறேன், எங்கே தங்குகிறேன் என்பதெல்லாம் படைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சேரும்போது படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். எரிச்சல் விதியின் மேல் இல்லை. உங்கள் ஆறாம் பத்தியின் மேல்.

'குடும்பப் பெரியவர்கள்' யார்? என் அப்பா இல்லை. அம்மாவுக்கு அந்தப் பாரம் இருப்பதே தெரியாது. விமலனின் அப்பா இறந்து ஆறு வருடம். மிச்சம் இருப்பது அவர் அம்மா நல்லம்மாள் அத்தை. கட்டளை அதிகாரி படித்தால் என்ன நினைப்பார்? பெண் படித்தவள், மாப்பிள்ளை வீட்டார் லோரிக் கம்பெனி ஆட்கள், அவர்கள்தான் ஏதோ சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள் என்று. நீங்களே விமலனை 'அந்த லோரிக் கம்பெனிப் பையன்' என்று அம்மாவிடம் சொன்னவர்தானே. அவர் லோரி ஓட்டவில்லை, எந்த லோரி எந்தக் கப்பலுக்கு என்று திட்டமிடுகிறார். ஓட்டினாலும் எனக்குச் சம்மதமே.

பெப்ரவரி 6, மதியம் ஒன்றே கால். பாரம் என் மேசையில். உங்களை அழைத்தேன். "மாமா, ஸ்டேட்டஸ் கேக்குது. ரெஜிஸ்டர் பண்ணிட்டோமே, காவின்னு போடவா, புஜாங்னு போடவா?" என்றேன். நீங்கள் சொன்னது: "தாலி ஏறாத பிள்ளை என்ன காவின்? புஜாங் எண்டு போடு. ஒண்டும் ஆகாது." பின்னால் யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டீர்கள்.

அந்தப் பெரியவர் ஒருவர்தான். பன்மை எதற்கு?

லோசனி

*

பிரிக்பீல்ட்ஸ்,
25 மார்ச் 2024

லோசனிக்கு,

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். கோபத்தில் எழுதப்பட்ட கடிதங்களை இருமுறை படிப்பது என் தொழிற்பழக்கம். முதன்முறை கோபம் மட்டுமே தெரியும்.

அறிவுரை கூறியவரின் பெயரைப் பதிலில் குறிப்பிடக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, அது உனக்கு உதவாது. ஓர் அதிகாரி தன் பாரத்தைத் தானே அறிந்து நிரப்ப வேண்டும். 'மாமா சொன்னார்' என்பது பள்ளிச் சிறுமியின் சமாதானம். இரண்டு, அது உனக்குத் தீங்கு செய்யும். அந்த மாமா வழக்குரைஞர். போதாக்குறைக்கு உன் பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையொப்பமிட்ட இருவரில் ஒருவர். மற்றவர் விமலனின் நண்பர் வாசு. மணம் நடந்ததை நேரில் கண்ட வழக்குரைஞரைக் கேட்டுக்கொண்டே நீ 'புஜாங்' என்று எழுதினாய் என்றால், அறியாமை போய் அது சதியாகத் தோன்றும். மூன்றாவது, சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்பதால் மட்டுமே சொல்கிறேன்: என் தொழிலுக்கும் ஓர் ஒழுங்கு விசாரணை உண்டு. முப்பத்தோர் ஆண்டுகளில் என்மீது ஒரு புகாரும் இல்லை.

அந்தத் தொலைபேசி உரையாடலைப் பற்றி: நீ அழைத்தது நினைவிருக்கிறது. நான் பயன்படுத்திய சொற்கள் நினைவில் இல்லை. என்னை எவரேனும் கேட்டால் அவ்வாறே கூறவேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே உனக்குத் தெரிவிப்பது என் கடமை.

எனக்கும் இதில் எரிச்சல் இல்லையென்று நினைக்காதே. வங்கி ஊழியரோ ஆசிரியரோ இதே கட்டத்தில் இதே தவற்றைச் செய்திருந்தால், அடித்துத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடச் சொல்லியிருப்பார்கள். உனக்கு மட்டும் அது குற்றம். படுக்கைக்குப் பக்கத்தில் யார் என்பதுவரை கேட்கும் ஒரு சட்டத்தின்கீழ் என் தங்கையின் மகள் போய்ச் சேர்ந்தாளே என்று அன்றே எனக்கு வருத்தம். ஆனால் சட்டம் அப்படி இருக்கும்போது அதற்குள் நின்றுதான் வாதாட முடியும்.

உன் அம்மா இன்று அலுவலகத்துக்கு வந்தாள். கட்சிக்காரர் மூவர் அமர்ந்திருக்க, நின்றபடியே, "அண்ணை, நீங்கள் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "பிறகு பேசுவம்" என்றேன். "பிறகு பிறகெண்டுதான் எல்லாம் வந்தது" என்று போய்விட்டாள். நீ அவளிடம் ஏதும் கூறியிருந்தால், இனி கூறாதே.

விமலன் கீழே காரிலேயே காத்திருக்கிறார். மேலே வரச் சொன்னேன். "இல்ல அங்கிள், பார்க்கிங் டிக்கெட் போடல" என்றார். மற்றபடி மரியாதையாகவே பேசினார்.

வரைவை மாற்றாமல் கொடு. நோன்பு மாதம், அலுவலகங்கள் மதியமே மூடிவிடும். ஏப்ரல் 1 வரை காத்திராதே.

இப்படிக்கு,
கேதீஸ்வரன்

*

முகாம்,
28 மார்ச் 2024

மாமா,

உங்கள் வரைவை நான் கொடுக்கப் போவதில்லை. காரணத்தை எழுதுகிறேன், நீங்கள் காரணம் கேட்பவர்.

போன வருடம் என் பிரிவில் தனேஷ் என்று ஒரு கோப்ரல். நம் பையன், பந்திங்கில் வீடு. பெண் வீட்டார் நெருக்கியதால் பதிவை முடித்துவிட்டு, பிறகு அனுமதிப் பாரத்தில் 'புஜாங்' என்று எழுதினார். அதே கட்டம், மாமா. அதே சொல். மேலே தெரிந்ததும் விசாரணை அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் என் முன் நின்று, "மேடம், நம்ப ஆளுங்க தாலி கட்டுனாதான கல்யாணம்னு சொல்வோம். ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும். தெரிந்தும் என் அறிக்கையில் எழுதினேன்: 'சமூக வழக்கம், தவறான தகவலுக்கு விளக்கமாகாது.' அந்த வாக்கியத்தைப் பாராட்டி மேலிருந்து குறிப்பு வந்தது. தனேஷின் சட்டைக்கையிலிருந்து ஒரு கோடு போனது. லான்ஸ் கோப்ரல் ஆனார். சம்பளம் இறங்கியது.

அப்படியிருந்தும் நான் ஏன் அதே தவற்றைச் செய்தேன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பாரத்தைப் பார்த்ததும் தனேஷ் ஞாபகம் வந்தது. அதனால்தான் உங்களை அழைத்தேன். இல்லாவிட்டால் ஒரு கட்டத்துக்காக யாராவது வக்கீலை அழைப்பார்களா? நீங்கள் "ஒண்டும் ஆகாது" என்றதும், தனேஷுக்குச் சொல்ல ஆளில்லை, எனக்கு இருக்கிறார் என்று நினைத்து எழுதினேன். என் குற்றம் அதுதான். அதை நான் மறுக்கவில்லை.

நேற்று தனேஷ் கிடங்குச் சாவி வாங்க வந்தார். விஷயம் முகாம் முழுக்கத் தெரியும். கதவருகில் நின்று, "மேடம், எனக்குக் கோடு போச்சு. ஒங்களுக்குப் போறதுக்குக் கோடு இல்லியே, என்னாத்த எடுப்பாங்க?" என்றார். கிண்டலா, கவலையா என்று தெரியவில்லை. "கெலம்பு" என்றேன். சல்யூட் அடித்துவிட்டுப் போனார். எப்போதும் அடிப்பதைவிட நேராக.

இவர் தினமும் என் முன்னால் நடமாடும்போது 'இந்து சமூக வழக்கப்படி' என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

என் பதிலை நானே எழுதிவிட்டேன். ஒரு பக்கம். ஜனவரி 12 மணம் பதிவானது. அனுமதி பெறவில்லை. பெப்ரவரி 6 'புஜாங்' என்று எழுதினேன். எழுதியது தவறு. அவ்வளவுதான். உங்கள் பெயர் இல்லை; பயப்பட வேண்டாம். உங்களுக்கு நினைவில்லாத ஒன்றை நான் எழுதினால், அதிகாரிகள் முன் நம் இருவரில் ஒருவர் பொய்யராக வேண்டும். என் அம்மாவின் அண்ணனைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன்.

லோசனி

*

பிரிக்பீல்ட்ஸ்,
30 மார்ச் 2024

லோசனிக்கு,

அந்த ஒரு பக்கத்தைக் கொடுக்காதே. நீ எழுதியிருப்பது பதில் அல்ல; குற்ற ஒப்புதல். தெரிந்தே பொய் சொன்னேன் என்று வாசிக்கப்படும். அது உண்மையும் அல்ல.

இரண்டு வார கால நீட்டிப்புக் கேட்கும் கடிதம் இத்துடன் உள்ளது. கையொப்பம் மட்டும் போதும். அதற்குள் ஆறாம் பத்தியை வேறுவிதமாக அமைக்க முடியுமா என்று பார்க்கிறேன். 'குடும்ப உறுப்பினர் ஒருவர்' என்று ஒருமையில் எழுதலாம். 'சட்டம் அறிந்த குடும்ப உறுப்பினர்' என்பதுவரை போகலாமா என்றும் யோசிக்கிறேன். அவகாசம் வேண்டும்.

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து விமலன் தொலைபேசியை எடுக்கவில்லை. போர்ட் கிள்ளானில் கப்பல் நெரிசல், இரட்டை ஷிப்டு என்று வாசு சொன்னார். ஆகவே இதைத் தனியார் அஞ்சலில் அனுப்புகிறேன். கிடைத்ததும் உன் அம்மாவிடம் தகவல் சொல்.

மாமா

*

முகாம்,
24 ஏப்ரல் 2024

மாமா,

உங்கள் மார்ச் 30 கடிதம் ஏப்ரல் 2 காலை வாயிற்காவலில் கிடைத்தது. அதற்கு முந்தின நாள் நான் என் பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். 'மாமா' என்று கையெழுத்திட்டிருந்தீர்கள். அதைக் கவனித்தேன்.

நேற்று முன்தினம் மேலதிகாரி முன் விசாரணை நடந்தது. இருபது நிமிடம். என் பக்கத்தை அவர் சத்தமாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்து, "ஆறு வருடம் நல்ல பெயர். நீங்களே இப்படி ஒரு விஷயத்தில் ஒரு கோப்ரலைப் பற்றி அறிக்கை எழுதியவர். பாரத்தில் 'புஜாங்' என்று எழுதும்படி யாராவது உங்களுக்கு அறிவுரை சொன்னார்களா?" என்று கேட்டார். மனிதர் கதவைத் திறந்துவிட்டுத்தான் கேட்டார், மாமா. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. 'ஆம்' என்றால் அடுத்த கேள்வி 'யார்'. அதற்கு அடுத்தது, 'அவரை அழைக்கலாமா'. நீங்கள் வந்து, நினைவில்லை என்பீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "மௌனத்தையும் பதிவு செய்கிறேன்" என்றார்.

முடிவு: அதிகாரி ஆணையைத் திரும்பப் பெறப் பரிந்துரை. பொய்த் தகவல், விசாரணையில் ஒத்துழையாமை. ஒத்துழையாமை என்பது அந்த மௌனம். மேல்முறையீட்டு மனு கொடுக்க முப்பது நாள். மனு நிராகரிக்கப்பட்டால் நான் வெளியே.

கல்யாணம் நிற்கவில்லை. நல்லம்மாள் அத்தை பத்திரிகை அடித்துவிட்டார்கள், முந்நூறு. என் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கிள்ளானில் பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடிந்தது. "அந்த வார்த்தைய நானேதான் போடச் சொன்னேன், எடுக்க மாட்டேன்" என்கிறார்கள். விமலன், "லெப்ட் ரைட் போட்டுத் தாலி கட்ட வேண்டியதில்ல, அதுவரைக்கும் நல்லது லா" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தேன். பிறகு நிறுத்த முடியாமல் அழுகை வந்துவிட்டது; பாவம், அவர் பயந்துபோனார்.

மனுவை நீங்கள் எழுத வேண்டாம். சுபாங் ஜெயாவில் வேறு வக்கீலைப் பார்த்துவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: யார் சொன்னது?

லோசனி

*

பிரிக்பீல்ட்ஸ்,
6 மே 2024

அன்புள்ள லோசனி,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் பதில் எழுதாமல் இருந்ததில்லை. ஏழு பதில்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் என்னைக் காக்கும் வாக்கியம் ஒன்று எங்கோ இருந்தது. எடுத்தால் வேறிடத்தில் வந்தது. பழகிய கை.

நேற்று ஞாயிறு, கிள்ளானுக்குப் போனேன். உன் மாமியார் வீட்டுக்கு நான் போவது அதுவே முதன்முறை. உன் அம்மாவையும் அழைத்துப் போனேன். உண்மையில் அவள்தான் என்னை அழைத்துப் போனாள். நல்லம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பத்திரிகை கொடுத்தார். நான் குற்றச்சாட்டுகளின் தன்மை, மனுவின் கால எல்லை, எனக்குள்ள சிக்கல்கள் ஆகியவற்றை விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டார்.

"சார், எனக்கு இதெல்லாம் புரியாது. அந்தப் பொண்ணு ஒங்கள கேட்டுட்டுத்தான எழுதிச்சு?"

"ஓம்" என்றேன்.

"நீங்க சொன்னீங்கதான?"

உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னனான்" என்றேன்.

"அப்ப சொன்னேன்னு ஒரு தாளுல எழுதிக் குடுங்க. இதுக்குப் போயி எத்தன பொஸ்தகம் பாப்பீங்க?"

லோசனி, வாக்குமூலத்தை அங்கேயே, அவருடைய சாப்பாட்டு மேசையில் எழுதினேன். இன்று காலை அவர் பிரிக்பீல்ட்ஸ் வர, அவரும் உன் அம்மாவும் சத்தியப்பிரமாண ஆணையர் சுகுமாறன் அலுவலகத்தில் உடனிருந்தார்கள். சட்டப்படி ஆணையர் முன் நான் கையொப்பமிட்டால் போதும், சாட்சிகள் தேவையில்லை. ஆனால் சாட்சியில்லாமல் நான் உனக்குச் சொன்ன சொல்லைத்தானே பிறகு நினைவில்லை என்றேன். நல்லம்மாள் மலாய்ப் பிரதியில் கையெழுத்திட மறுத்துவிட்டார். "புரியாத தாளுல போட மாட்டேன். தமிழ்ல எழுதி, படிச்சுக் காட்டுங்க" என்றார். ஆகவே தமிழ் மூலம், மலாய் மொழிபெயர்ப்பு, இரண்டும் உள்ளன. ஆணையர் அலுவலகத்தில் ஆறு பேர் வரிசையில் நிற்க, நான் அதை உரக்கப் படித்தேன். ஒருவர் தலைகுனிந்து தம் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

நீ அன்று என்னிடம் கேட்டபோது என் கட்சிக்காரர் அல்ல; அது மாமா மருமகளுக்குச் சொன்னது. ஆகவே தொழில் இரகசியம் என்ற மறைவும் எனக்கில்லை. உன் சுபாங் ஜெயா வக்கீலிடம் கொடு. அவர் இதைப் பயன்படுத்துவதா இல்லையா என்பதை நீ முடிவு செய். இது உன்னைக் காப்பாற்றும் என்று நான் உறுதி கூறமாட்டேன். மார்ச் மாதம் கொடுத்திருந்தால் ஒருவேளை உறுதி கூறியிருக்கலாம்.

மாமா

*

சத்தியப் பிரமாண வாக்குமூலம்

கேதீஸ்வரன், தகப்பனார் பெயர் சிவகுருநாதன், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரில் வசிக்கும் வழக்குரைஞராகிய நான், மனமாரக் கூறுவதாவது:

1. 12 ஜனவரி 2024 அன்று மீனலோசனிக்கும் விமலனுக்கும் நடந்த திருமணப் பதிவில் நான் சாட்சியாகக் கையொப்பமிட்டேன். அன்றே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி ஆகிவிட்டனர் என்பதை நான் அறிவேன். அதை அறியாதவன் எனக் கூற என் தொழில் எனக்கு இடம் தராது.

2. 6 பெப்ரவரி 2024, பிற்பகல் ஏறத்தாழ ஒன்றே கால் மணிக்கு மீனலோசனி என்னைத் தொலைபேசியில் அழைத்து, தமது படைப்பிரிவின் பாரத்தில் மணமானவர் என்று எழுதுவதா, மணமாகாதவர் என்று எழுதுவதா எனக் கேட்டார். 'தாலி ஏறாத பிள்ளை என்ன காவின்? புஜாங் எண்டு போடு. ஒண்டும் ஆகாது' என்றேன். சொற்கள் இவையே.

3. அது என்ன பாரம், எதற்காகக் கேட்கப்படுகிறது, படையில் இருப்பவர்மீது வேறு விதிகள் உண்டா என்பவற்றை நான் விசாரிக்கவில்லை. அயலார் ஒருவர் கேட்டிருந்தால் பாரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். கேட்டவர் என் தங்கை மகள் என்பதால் அந்தக் கவனத்தை நான் செலுத்தவில்லை.

4. 25 மார்ச் 2024 தேதியிட்ட கடிதத்தில், மேற்படி சொற்கள் எனக்கு நினைவில் இல்லை என்று அவருக்கு எழுதினேன். அது உண்மையல்ல. எழுதும்போதே எனக்கு நினைவிருந்தது.

5. அவருக்காக நான் வரைந்த பதிலில் 'குடும்பப் பெரியவர்கள்' என்று குறிப்பிட்டது என் ஒருவனையே. விமலனின் தாயாரோ மீனலோசனியின் தாயாரோ இதில் எந்த அறிவுரையும் கூறவில்லை. அந்தப் பதிலைக் கொடுக்க மீனலோசனி மறுத்துவிட்டார்.

6. 22 ஏப்ரல் 2024 விசாரணையில், தமக்கு அறிவுரை கூறியவர் உண்டா என்று கேட்கப்பட்டபோது அவர் மௌனமாக இருந்தார். அது ஒத்துழையாமை அல்ல. அந்தக் கேள்விக்கான பதில் என்னிடம் இருந்தது. நான் அதைத் தரமாட்டேன் என்று அவருக்கு எழுத்தில் தெரிவித்திருந்தேன்.

7. இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை, வழக்குரைஞர்களின் ஒழுங்கை விசாரிக்கும் அமைப்புக்கு இன்றே அனுப்பியுள்ளேன். அதன் விளைவுகளை நான் அறிவேன்.

8. இதை எழுதும்போது நான் எந்தச் சட்ட நூலையும் பார்க்கவில்லை. எந்த வழக்குரைஞரையும் கலந்துகொள்ளவில்லை.

ஒப்பம்: கேதீஸ்வரன்
6 மே 2024

என் முன்னிலையில்: சுகுமாறன், சத்தியப்பிரமாண ஆணையர்

சாட்சிகள்:
நல்லம்மாள், காலஞ்சென்ற இராமலிங்கத்தின் மனைவி, கிள்ளான். படித்துக் காட்டக் கேட்டு, தமிழில் கையெழுத்திட்டது.
ஜெயமாலா, பிரிக்பீல்ட்ஸ். கையொப்பமிடுபவரின் தங்கை.